இலிஷின் வால் துண்டு

காலையிலிருந்து பர்ணாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள் அவள் அம்மா ரேபா. சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாத மனுஷி ஓயாமல் உத்தரவு போட்டாள்.

"வெட்டினப்புறம் மீனக் கழுவாதடி! ருசி பூரா சாக்கடைக்குப் போயிடும்."

"கழுவல."

"கடுகோட பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைச்சியா? இல்லேன்னா கசக்கும்."

"சேர்த்தாச்சு மா."

"மிக்ஸிய விட்டு விட்டு ஓட்டு. இப்படியா ஒரேயடியா ஓட்டுவாங்க?"

"நீ திங்கப்போறியா இத? திங்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நீ சொல்றபடியெல்லாம் அரைக்கிறேன். திங்காதவளுக்கு எதுக்கு இத்தனை நாட்டாமை?"

ரேபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் செத்த அன்றைக்கு, விதவைக்கு ஆகாது என்று மீனை விட்டவள், ஒன்பது வருஷமாகத் தொடவில்லை. யாரும் விடச் சொல்லவில்லை. கருமாதிக்கு வந்த புரோகிதரே, "இந்தக் காலத்துல யாரும்மா பாக்கிறாங்க?" என்றார். கேட்டால்தானே! தனக்கென்று ஒரு சட்டி, தனக்கென்று ஒரு கரண்டி, அவித்த பூசணிக்காய், பச்சை வாழைக்காய். போன மாதம் குளியலறையில் விழுந்து கிடந்தாள். உடம்பில் சத்தே இல்லை, மீன் சாப்பிட்டே ஆக வேண்டும், இன்னொரு முறை விழுந்தால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். அவர் முன்னால் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடி பூசணிக்காய்.

அதனால்தான் பர்ணா இன்றைக்குக் கொட்டுகிற மழையில் மாணிக்தலா சந்தைக்குப் போய், மீன்காரனோடு மல்லுக்கட்டி, இலிஷ் மீன் வாங்கி வந்திருந்தாள். புனேயிலிருந்து வேலை விஷயமாக ஊருக்கு வந்திருந்த தம்பி புபுனையும் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். மகள் சொன்னால் ஏறாதது மகன் சொன்னால் ஏறும் என்று ஒரு நப்பாசை.

கடுகெண்ணெய் காய்ந்து புகைந்தது. சின்ன வயதில் இந்த நெடி வந்தாலே அவளும் புபுனும் தட்டோடு ஓடிவந்து உட்கார்ந்துவிடுவார்கள். தலை அப்பாவுக்கு. கொழுப்பு வழியும் வயிற்றுத் துண்டு புபுனுக்கு. பர்ணாவுக்கு வால். "பொண்ணுன்னா முள்ளு எடுக்கப் பழகணும்" என்பார் அப்பா. புபுன் தின்று முடித்துக் கை கழுவி, கால்பந்தோடு தெருவுக்கே போயிருப்பான். அவள் இன்னமும் நாக்கு நுனியில் முள்ளைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த எரிச்சல் இந்த வயதிலும் ஆறவில்லை.

புபுன் வந்தான். மாப்பிள்ளை மாதிரி சட்டமாக உட்கார்ந்தான். சுடச்சுடச் சாதத்தில் மஞ்சள் குழம்பை ஊற்றிப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான்.

"தீதி, உன் கைக்கு வளையல் போடணும்" என்றான் அக்காவிடம்.

"அதெல்லாம் இருக்கட்டும். இந்தா, இன்னொண்ணு போட்டுக்கோ. உன்னைக் கூப்பிட்ட விஷயத்தை அம்மாகிட்ட சொல்லு."

"மா, தீதி சொல்றதக் கேளேன். டாக்டரே சொல்லிட்டாரு."

"உங்கப்பா போனப்புறம் எனக்கு என்னடா மீனு? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றாள் ரேபா.

"அதுவும் சரிதான். விடு தீதி, அவங்க மனசு அது" என்று ஒரே நொடியில் கட்சி மாறினான் புபுன்.

பர்ணாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "விடவா? வருஷத்துக்கு ஒரு தடவை வந்து திங்கிறவன் நீ சொல்லுவடா! பாத்ரூம்ல விழுந்து கிடந்தியே மா, உன் நாலு பேரா வந்து தூக்கினாங்க? நான் தூக்கினேன். ஒத்தையா. பஞ்சு மாதிரி இருந்த நீ. தூக்கிறதுக்குக் கனமே இல்ல..."

மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள். பர்ணா அழுது யாரும் பார்த்ததில்லை. ரேபா பதறிப்போனாள்.

"சரி, சரி, அழாதடி. போடு. ஒரே ஒரு துண்டு."

பர்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாணலியின் மூடியைத் திறந்தாள். குழம்பும் வால் துண்டும் மட்டும் இருந்தன. தம்பியின் தட்டைப் பார்த்தாள். ஓரத்தில் வயிற்று முள்ளெல்லாம் குவியலாகக் கிடந்தது. முதுகுத் துண்டும் அங்கேதான் போயிருந்தது. யார் போட்டது? அவளேதான். அம்மாவுக்கென்று நனைந்து நனைந்து வாங்கி வந்ததை, ஒருத்தரும் கேட்காமல், அள்ளி அள்ளித் தம்பிக்குப் போட்டிருக்கிறாள். அப்பா போய் இத்தனை வருஷமாகியும் அவர் பழக்கிய பந்தி தன் கையை விட்டுப் போகவில்லை.

"நான் வேணா மார்க்கெட்டுக்கு ஓடிப்போய்..." என்று புபுன் எழுந்தான்.

"உக்காருடா பேசாம. நீ திரும்பி வர்றதுக்குள்ள அம்மா மனசு மாறிடும்."

வால் துண்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு அம்மா எதிரே உட்கார்ந்தாள். அம்மாவின் கண்ணுக்கு இப்போது முள் தெரியாது. வாலில் இருக்கிற முள்ளையெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து, சாதத்தோடு உருட்டி ஊட்டினாள். ரேபா மெதுவாக மென்றாள்.

"வாலு இப்படித்தான் இருக்குமாடி?"

"ஏன், எப்படி இருக்கு?"

"தெரியல. இதுக்கு முன்னால தின்னதில்ல."

"தின்னதில்லையா? அப்பா இருந்தப்ப நீ என்னதான் தின்ன?"

"வாணலியில ஒட்டியிருக்குமே குழம்பு, அதுல சாதம் போட்டுப் பிசைஞ்சுக்குவேன். துண்டு மிஞ்சினா ராத்திரிக்கு அவருக்கு வேணுமே."

பர்ணாவின் கை நின்றுவிட்டது. எதிரே புபுன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான்.

"அப்போ அப்பா செத்தப்ப நீ எதைத்தான் மா விட்ட?"

ரேபா தட்டைப் பார்த்தாள்.

"பேசாம முள்ள எடு. பசிக்குது" என்றாள்.