வேலி வாசலில் ஒரு பிடி அரிசி

தோட்டத்தைச் சுற்றிய முள்வேலி வாசலுக்கு வந்ததும் பாடையை இறக்கச் சொன்னான் முனியாண்டி. இதே கரங்கான் தோட்டத்துக்காரன்தான். காவல் உடுப்பு மாட்டி நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த மிடுக்கு.

"அவசரகாலம். அரிசி வெளிய போகக் கூடாதுன்னு உத்தரவு. வாயில உள்ளத எடுத்துடுங்க."

ரமணி முன்னால் வந்தாள். வீட்டில் அவள் கையால் அப்பா பக்கிரிசாமிக்குப் போட்ட வாய்க்கரிசி அது. "செத்தவரு காட்டுக்குள்ள போயி கம்யூனிஸ்டுக்குச் சோறு போடப்போறாரா? என்னண்ணே பேசுறீங்க?"

"துரை பாத்தா என் வேல போயிடும்லா. புரிஞ்சிக்கம்மா."

தூக்கி வந்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். அப்போது பின்னாலிருந்து கேமரா ஓடும் சத்தம் கேட்டது.

இத்தாலிக்காரர் புரூனோ. தோட்டத்து ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குப் படம் எடுக்க வந்தவர். அவருடைய கேமராத் தாங்கியைச் சுமந்து மேடு ஏறும்போதுதான் நேற்று அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

அப்பாவுக்கு அவரைப் பிடிக்கும். "பாவம் புள்ள அந்தாளு," என்பார் சாப்பிடும்போது. "அவங்க ஊரு ஸ்டூடியோவுல தரை கூட்டி, அப்படியே கேமரா கத்துக்கிட்டாராம். சண்டையில பட்டாளத்தோட அனுப்பி, செயிச்சத மட்டும் எடுன்னாங்களாம். அப்புறம் வெள்ளக்காரன் புடிச்சி பெங்களூர்ல அடைச்சிட்டான். நம்ம பேச்சு நாலு வார்த்தை அங்க கத்துக்கிட்டதுதான். இப்ப அதே வெள்ளக்காரனுக்குப் படம் புடிக்கிறாரு. தன் இஷ்டத்துக்கு ஒன்னுமே எடுத்ததில்லயாம்."

முனியாண்டி திரும்பி, துரைமாரைக் கூப்பிடும் மலாய்ச் சொல்லால் அவரைக் கூப்பிட்டான். "துவான், இத எடுக்கக் கூடாது. நிறுத்துங்க."

"நிறுத்தாது," என்றார் புரூனோ. கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை.

ரமணி மண்டியிட்டாள். அப்பாவின் முகத்துணியை நன்றாக விலக்கினாள். மடியில் மிச்சமிருந்த அரிசியையும் எடுத்து, எல்லோரும் பார்க்க அவர் வாயில் போட்டாள்.

"எடுக்கணும்னா நீங்களே எடுங்கண்ணே. உங்க கையால. படத்துல இருக்கட்டும்."

முனியாண்டி கேமராவைப் பார்த்தான். நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு போய்க் கதவைத் திறந்துவிட்டான்.

பாடை நகர்ந்தது. பெண்கள் வழக்கம்போல வாசலோடு நின்றார்கள். ரமணி நேராகப் போய், புரூனோ சுடுகாட்டிலும் படமெடுக்கக் கேமராவைக் கழற்றும்வரை காத்திருந்து, தாங்கியைத் தூக்கித் தோளில் வைத்தாள்.

தீச்சட்டியோடு முன்னால் போன அழகேசன் சித்தப்பா நின்றுவிட்டார். "பொம்பளப்புள்ள சுடுகாட்டுக்கு வரக் கூடாது ரமணி."

"அப்பா வேல பாதியில நிக்குது சித்தப்பா. நீங்க நடங்க."

தாங்கி நல்ல கனம். தோள் மாற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.