தண்டனை: இல்லை

பகல் மூன்று மணிக்கு மறுபடி அந்த மோட்டார் சைக்கிள் உறுமியது. அக்கா கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே தொட்டியில் போட்டாள். ஐந்து வாரமாக இதே கூத்துதான். செத்துப்போன தம்பியின் அறையில் தம்பியின் வண்டி, தம்பியின் பெயரோடு, கிளம்பத் தயாராக நின்று உறுமும். ஓட்டத்தான் ஆள் இல்லை.

பேயுமில்லை, பிசாசுமில்லை. தம்பி மனைவி செய்கிற வேலை அது. டிவியில் அவனுடைய பைக் பந்தய விளையாட்டைத் திறந்து, அவன் வீரன் தொடக்கக் கோட்டில் வந்து நிற்கிற இடம்வரை கொண்டுவந்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு பொத்தானைக்கூட அதன்பின் தொடமாட்டாள். திரையில் அந்த வீரன் மூச்சு வாங்குவான். கொஞ்ச நேரம் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பான். எல்லா வீரனும்தான் அப்படிப் பார்ப்பான், கம்பெனிக்காரன் வைத்த அசைவு. தெரிந்தும், தன்னைத்தான் தேடுகிறான் என்று அக்காவுக்குத் தோன்றும். வீரனின் முதுகில் ‘ராக்கெட்’ என்று எழுதியிருக்கும்.

ராக்கெட் என்பது வீட்டில் வைத்த கேலிப் பெயர். சாப்பிட்டுக் கை கழுவவே அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறவனை வேறென்னவென்று கூப்பிடுவது? அவனுக்கு இரண்டு வயதிருக்கும்போதே அம்மா போய்விட்டாள். பன்னிரண்டு வயது அக்காதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அன்றிலிருந்து அவன் எதில் தோற்றாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

விளையாட்டை வாங்கி வந்த அன்றே தோற்றான். பிரேக்கைத் தாமதமாகப் பிடிப்பான், வளைவில் கோட்டைத் தாண்டுவான். மூன்று தடவை தாண்டினால் தண்டனை உண்டு. ஓரமாக ஒரு நீள வளையம் சுற்றிவிட்டுத்தான் பந்தயத்துக்குத் திரும்ப வேண்டும், அதற்குள் மற்ற எல்லாரும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். நாலாம் நாள் அவன் வேலைக்குப் போனதும் அக்கா விளையாட்டின் அமைப்புகளைத் தேடிப் பிடித்து, எதிராளிகளின் திறமையைத் தொண்ணூறிலிருந்து நாற்பதுக்கு இறக்கினாள். தண்டனை என்ற இடத்தில் ‘இல்லை’ என்று வைத்தாள்.

இதில் தப்பு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்குப் பல்செட் செய்கிற வேலை. போட்டுக்கொண்டவருக்கு எங்கே இடிக்கிறதோ அங்கே துளி ராவிக் கொடுப்பாள். அவரும் சிரித்துக்கொண்டே போவார். எவ்வளவு ராவினாய் என்று இருபது வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே ராக்கெட், “அக்கா! மொத ஆளு!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். அதன்பின் தினமும் முதல் ஆள்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் பெரிய பைக் வாங்கினான். “வளைவெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடுக்கா” என்றான். அக்கா அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, பாவி. பைபாஸ் வளைவில் கோட்டைத் தாண்டினான், எதிரே லாரி.

இன்றைக்கு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். அவள் காலையில் கொண்டுவந்து வைத்த காப்பியைத் தம்பி மனைவி தொட்டிருக்கவில்லை.

“இப்படியே இருந்தா எப்படிம்மா? எழுந்து வா. ரெண்டு வாய் சாப்பிடு.”

“அந்த ஒரு பேச்சுதான்க்கா காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.” அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“என்ன பேச்சு?”

“அன்னிக்குக் காலைல எங்களுக்குள்ள சண்டை. ‘பொம்மை வண்டிலதான் நீங்க பெரிய சூரன், ரோட்டுல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை’ன்னு கேட்டுட்டேன். சாவியை எடுத்துட்டுப் போனவருதான். நான்தான்க்கா கொன்னுட்டேன்.”

அக்காவுக்குப் பகீரென்றது. தான் செய்த பாவத்தை ஒன்றும் அறியாத ஒருத்தி தலையில் சுமந்துகொண்டிருக்கிறாளே! ஐந்து வாரமாகத் தொண்டையில் முள்ளாக நின்றதை அவள் துப்பிவிட்டாள்.

“நீ இல்லம்மா. நான். அவன் ஜெயிச்சதெல்லாம் பொய். நான்தான் எதிராளிங்களை மட்டமாக்கி வச்சேன், தண்டனையையும் எடுத்துட்டேன். அவன் தனக்கு ஓட்டத் தெரியும்னு நம்பிட்டான். வேணும்னா பாரு, காட்டறேன்.”

கட்டிலில் கிடந்த கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்து அமைப்புகளைத் திறந்தாள்.

எதிராளிகளின் திறமை: 90. தண்டனை: கடுமை.

“நாப்பதுன்னீங்க?” என்றாள் தம்பி மனைவி.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தொண்ணூறுதான். “நீ மாத்தினியா?”

“எனக்கு இதைத் திறந்து வைக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாதுக்கா.”

பக்கத்திலேயே பழைய பந்தயங்களின் பட்டியல் தேதியோடு இருந்தது. மாதக்கணக்காக முதல் இடம், முதல் இடம். சாவுக்குப் பதினொரு நாள் முன்னால் அது நின்றுபோயிருந்தது. அன்றிலிருந்து கடைசி இடம், தண்டனை, விழுந்தார், கடைசி இடம். ஒரு நாள்கூட அவன் முன்னுக்கு வரவில்லை.

அந்தப் பதினொரு சாயங்காலமும் அவன் கூடத்துக்கு வந்து “மொத ஆளுக்கா” என்று சொன்னது அக்காவுக்கு நினைவிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டான். எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்துவிட்டு, தோற்றுத் தோற்று, அவள் மனம் நோகக்கூடாதென்று வெளியே வந்து பொய் சொல்லியிருக்கிறான். “ஐயோ, என் கண்ணே” என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

தம்பி மனைவி அழவில்லை. பட்டியலின் கடைசி வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது அன்னிக்குக் காலைல ஆடினதுக்கா. சண்டைக்கு அரைமணி நேரம் முன்னாடி. கடைசி ஆளா வந்திருக்காரு. பொம்மை வண்டிலயும் தோத்துட்டு உக்காந்திருந்த மனுஷன்கிட்டப் போய் அந்தப் பேச்சைப் பேசியிருக்கேன்.”

பாரத்தை இறக்கிவைக்க வந்த அக்கா, கூட ஒரு கல்லை ஏற்றிவிட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? எப்போது திறக்க வேண்டுமோ அப்போது திறக்காத வாய்!

தம்பி மனைவி அவள் கையிலிருந்து கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கினாள். ஐந்து வாரத்தில் முதல் தடவையாகப் பந்தயத்தைத் தொடங்கினாள். ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பினான். இரண்டாவது வளைவிலேயே விழுந்தான். எழுந்து ஓட்டினான், கோட்டைத் தாண்டினான், மறுபடி தாண்டினான். மூன்றாவது முறை திரையில் சிவப்பாகத் தண்டனை வந்தது. மற்ற வண்டிகளின் சத்தம் தேய்ந்து மறைய, தனியாக அந்த நீள வளையத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். கடைசி ஆளாக வந்து சேர்ந்து, ஹெல்மெட் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அக்காவால் அந்தத் தலையைப் பார்க்க முடியவில்லை. “கொஞ்சம் கொறைச்சு வைக்கட்டுமாம்மா?” என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

தம்பி மனைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

“விடுங்கக்கா. அவரு தோக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.