எழுதினது யாரு, அத்தான்?

அக்காவின் கணவர்தான் அவளை கம்ப்யூட்டர் திரையில் படம் வரவைக்கும் கிராபிக்ஸ் கார்டு செய்யும் கம்பெனியில் சேர்த்துவிட்டார். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பியதும் அவரேதான்.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டரைத் தூங்கவிட்டு எழுப்பினால் அவர்கள் கார்டு மட்டும் விழிக்காது. திரை கரியாய்க் கிடக்கும். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரோடு மல்லுக்கட்டி, கார்டைத் தட்டி எழுப்பும் பகுதியை எழுதியவள் அவள். அத்தான் அதைத் தன் பெயரில் மேலிடத்தில் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டார். அவள் வாயைத் திறந்ததும், "உனக்கு இந்த வேலை சரிப்படாது" என்று எல்லோர் முன்னாலும் சீட்டைக் கிழித்தார். வீட்டிலும் வந்து, "அவளுக்கு வேலைல கவனமே இல்ல" என்றார். அம்மாகூட நம்பினாள். அதுதான் அவளுக்கு ஆறவேயில்லை.

வேறு வேலை கிடைத்தது. ஆனாலும் ஓய்வு நேரமெல்லாம் யாரும் எழுதிச் சேர்க்கக்கூடிய லினக்ஸின் பொது டிரைவர்களோடுதான் குடும்பம் நடத்தினாள். பிழை திருத்தினாள், மற்றவர்களின் திருத்தங்களைச் சலித்தெடுத்தாள். சில வருஷங்களில் அந்தப் பகுதிக்கே அவளைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். அவள் தலையசைக்காமல் அங்கே ஒரு வரி உள்ளே நுழையாது.

அப்போதுதான் கம்பெனி தன் டிரைவரையும் லினக்ஸோடு சேர்க்க முடிவெடுத்தது. அனுப்பியவர் அத்தான். அடியில், எல்லாம் தன் கைப்பட எழுதியது என்ற உறுதிமொழி வேறு. வீட்டுப் பெண்தானே, கண்டுகொள்ள மாட்டாள் என்று நினைத்துவிட்டார் போலும்.

படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அவளுடைய பகுதி. அவள் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. பசி வந்த மாதிரி இருந்தது.

யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய அந்தப் பொது அஞ்சல் குழுவில் பதில் போட்டாள்: "கார்டை விழிக்கவைக்கும் பகுதியை எழுதியவர் யார்? தெரிந்தபின் மேலே பார்க்கிறேன்."

அரை மணியில் அத்தான் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? வீட்டு விஷயத்த சந்திக்கு இழுக்கற?"

"நான் டிரைவரப் பத்திதான் கேட்டேன். எழுதினது யாரு, அத்தான்?"

"நான்தான்னு போட்டா என்ன பண்ணுவ?"

"தாராளமா போடுங்க. உங்க ஆபீஸ் பழைய பதிவுல யார் பேரு இருக்குன்னு உங்க கம்பெனி வக்கீல் பாத்துக்குவாரு."

அத்தானின் குரல் இறங்கியது. "புது மெஷினெல்லாம் கடைக்கு வந்தாச்சு. டிரைவர் இன்னும் லினக்ஸ்ல சேராததால திரை வராம ஆளாளுக்குத் திட்டறான். மேல இருக்கறவன் என் கழுத்துல உக்காந்திருக்கான். உங்கக்காவுக்காகவாவது..."

"குழுவுல பதில் போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் இழுத்தார். கடைசியில் பதில் வந்தது. அந்தப் பகுதியை எழுதியவள் அவள்தான் என்றும், தன் உறுதிமொழி தவறு என்றும், ஊர் உலகம் பார்க்க. அவள் ஒருமுறை அல்ல, பலமுறை படித்தாள். பிறகு மீதியை வரிவரியாகச் சரிபார்த்து, டிரைவரை ஏற்றுக்கொண்டாள். திரைகள் விழித்தன. கம்பெனி அத்தானைப் பதவியிலிருந்து இறக்கி ஒரு மூலையில் உட்காரவைத்தது.

அக்கா கூப்பிட்டாள்; அம்மாவும் அவளோடுதான் இருந்தாள். "மனுஷன் யார் மூஞ்சியிலயும் முழிக்காம கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கறாரு. இப்ப உனக்கு வயிறு குளுந்துச்சா?"

மழுப்பலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"குளுந்துச்சுக்கா" என்றாள். "ஃபோன அம்மாகிட்ட குடு."