டமாரத்தின் பின்னறை

நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கமாட்டான். ஆனாலும் அவனை எல்லாரும் டமாரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் தட்டித் தட்டி வாங்கிய பட்டம், முப்பத்தைந்து வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் பிழைப்பு. ராப் பாடுகிறவர்களுக்கு லேப்டாப்பில் இசை அமைத்துத் தருவதில்தான் உயிரே இருந்தது.

அதற்கு இடம் கொடுத்தவள் அண்ணி. அவளுடைய அழகு நிலையத்துக்குப் பின்னால், தலைச்சாயப் பெட்டிகள் அடுக்கிய அறை ஒன்று இருந்தது. எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்கப் பழைய துண்டுகளைத் தொங்கவிட்டான். ஹேர் டிரையரின் உறுமலையும் கத்தரியின் சத்தத்தையும் பதிவு செய்து தாளமாக்கினான். பஸ் டிரைவரும், மீன் வெட்டுகிற அக்காவும், பாட்டுப் பைத்தியம் பிடித்த இன்னும் பலரும் அங்கேதான் வந்து பாடினார்கள். யாரிடமும் அவன் காசு வாங்கியதில்லை.

அறைக்கதவு சரியாகச் சாத்தாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான் ஒவ்வொரு பாட்டையும் முதலில் கேட்பார்கள். அவர்கள் கால் தாளம் போட்டால் பாட்டு தேறியது. இல்லையென்றால் அண்ணி குரல் கொடுப்பாள்: "டமாரம், இங்க ஒருத்தரும் அசையல. வேற போடு!"

இப்படியே பத்து வருஷம் ஓடியது. பஸ் டிரைவர் பாடிய ஒரு பாட்டு போன் மாற்றிப் போன் போய், பெரிய பாடகி ஒருத்தியின் காதில் விழுந்தது. கூட்டம் அலைமோதும் ஒரு சனிக்கிழமை, அவளே நேரில் வந்து நின்றாள்.

"முடி வெட்டணுமா, சாயமா?" என்றாள் அண்ணி, தலை நிமிராமல்.

"பாடணும்."

"அப்ப பின்னாடி போங்க. பாத்து, தரை ஈரம்."

பாடகி பாடி முடித்ததும், தலை நிறையச் சாயத்தோடு இருந்த டைப்பிஸ்ட் அம்மாள் சத்தமாகச் சொன்னாள்: "முதல் பாதி அருமை. ரெண்டாவது பாதியில பொண்ணு தூங்கிட்டா போலிருக்கு."

டமாரம் எட்டிக் கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தான். பாடகி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "எந்த இடத்துலம்மா?"

"நான் சிங்கம், நான் சிங்கம்னு நாலு தரம் சொல்றியே, அங்க. ஒரு தரம் சொன்னாலே பயந்துக்குவோம்."

பாடகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினாள். அந்தப் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது.

உடனே ஒரு இசைக் கம்பெனி டமாரத்தை அழைத்தது. பதினோராவது மாடியில் ஸ்டூடியோ, சாய்ந்தால் எழ மனம் வராத நாற்காலி. ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுப் போனான். எதைப் போட்டாலும் எல்லாரும் "செம" என்றார்கள். இருபதாவது நாள், தாளம் தறிகெட்டு ஓடும் ஒன்றை வேண்டுமென்றே போட்டான்.

"பிரமாதம்!" என்றார் மேனேஜர்.

டமாரம் லேப்டாப்பை மூடினான். "சார், நான் கிளம்பறேன்."

"ஏன், இங்க என்ன குறை?"

"குறை சொல்ல ஆள் இல்ல சார். அதான் குறை."

வாழ்நாளில் முதல்முறையாக அரைமணி நேரம் விடாமல் பேசினான். கம்பெனிக்கு ஒரு ஆல்பம் செய்து தருகிறேன், ஆனால் பாட்டெல்லாம் பின்னறையில்தான் உருவாகும், பாடுகிறவர்கள் பெயர் அத்தனையும் அட்டையில் வரவேண்டும் என்றான். மேனேஜர் தலையைச் சொறிந்தார், பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். டமாரம் லிஃப்ட் வேலையை விட்டான். அழகு நிலையத்து நாற்காலிக்காரர்கள் மூன்று பாட்டைக் கழித்துக்கட்டியதால் ஆல்பம் முடிய ஒன்பது மாதம் ஆயிற்று.

ஆல்பம் வெளிவந்த அன்று, அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைக் கீழிருந்து மேலாகத் தேடினாள். "என் பேரு எங்கடா?"

"மேல பாருங்க அண்ணி."

'தயாரிப்பு: டமாரமும் அண்ணியும்' என்றிருந்தது.

"உன் பேருக்கு அப்புறமா?" என்று முறைத்தாள். மீன் வெட்டுகிற அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணி அட்டையைப் பெரிய கண்ணாடியின் நட்டநடுவில் ஒட்டிவிட்டு, "அடுத்தது யாரு? வாங்க, உக்காருங்க" என்றாள்.