ஷாமிலாவிடம் சொன்னது

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கிருஷாந்தி பால் கோப்பையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அழுகை அடுத்த மலையிலிருந்து வருவதுபோல அவளுக்குக் கேட்டது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை ஆறு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அழுகிற பிள்ளையைத் தூக்காமல் நின்றது அன்றுதான் முதல் தடவை.

ஒரு மாதமாகவே எதுவும் சரியில்லை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்திருக்க மட்டும் முடியாது. சோற்றில் ருசி இல்லை. தலைவாரக் கை எழவில்லை. கொழும்புக் கடையில் வேலை செய்யும் கணவன் விஜிதரன் போனில் பேசினால் ‘ம்’ என்பதற்கு மேல் வார்த்தை வராது. கவலைப்படும்படி ஒன்றும் நடந்திருக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஷாமிலாவிடம்தான் சொன்னாள். ஒரே லயத்து வீட்டு வரிசை, பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கு. கொட்டகலைக் கடைவீதியிலிருந்து திரும்பி வரும்போது, தேயிலைக்கு நடுவே யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நின்றாள்.

“எனக்கு எதுலயும் மனசு ஒட்டலடி. புள்ள அழுதாக்கூட தூக்கத் தோணல. யார்கிட்டயும் சொல்லிறாத.”

ஷாமிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு மட்டும் கிருஷாந்தி நன்றாகத் தூங்கினாள்.

நான்காம் நாள், பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பான வெல்ஃபேர் ஐயா அவளைத் தோட்டத்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வராமல் ஓய்வெடுக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு மேசையைப் பார்த்தபடி, “புள்ள அழுதாக்கூட தூக்கத் தோணலன்னு சொன்னீங்களாமே” என்றார். ஒரு சொல்கூட மாறாமல் வந்திருந்தது.

கிருஷாந்தி தேடிப் போனபோது ஷாமிலா பீலியடியில் ஊற்று நீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எம் மவனும் அந்தப் புள்ளக் காம்பராவுலதானே இருக்கான். நா என்ன செய்ய?”

அதில் பிழை சொல்லக் கிருஷாந்தியால் முடியவில்லை. முடியாததுதான் இன்னும் வலித்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம் வான்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

குடம் நிரம்பி வழிந்தது. ஷாமிலா அதை எடுக்கவில்லை.

அதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமியார் அவள் கையில் மந்திரித்த கயிறு கட்டிவிட்டார். பக்கத்துக் காம்பராப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை மெல்ல உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் தன் சொற்களை இன்னொருவர் வாயில் கேட்டதிலிருந்து கிருஷாந்திக்கு ஒன்று தெளிவாகியிருந்தது. இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. ஏதோ வருத்தம்தான், காய்ச்சலைப்போல ஒரு நோய். செவ்வாய்க்கிழமை தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சிங்களப் பெண் டாக்டர். தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

“என்ன வருத்தம்?”

“தூக்கம் வருதில்லீங்க.”

“வேற?”

கிருஷாந்தி திரும்பிப் பார்த்தாள். பாதி திறந்திருந்த கதவுக்கு அப்பால் வாங்கில் வரிசையாகப் பெண்கள். அவர்கள் தோட்டத்துக் கதை பேசுவது உள்ளே வரை கேட்டது; இங்கே சொல்வதும் அவர்களுக்குக் கேட்கும். வந்த வழியே போய்விடலாம் என்று தோன்றியது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். கொண்டி பிடிக்கவில்லை. கையை எடுத்ததும் கதவு திறந்துகொண்டது. மறுபடியும் சாத்தி, உள்ளங்கையை அதில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். டாக்டருக்கு முதுகு காட்டியபடி, கதவுப் பலகையைப் பார்த்தே, மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினாள்.