அம்புக்காரன் பங்கு

எங்கள் காலஹாரிப் பாலை மணலில் மானை எய்தவனுக்குக் கறி சொந்தமில்லை. அம்பு யாருடையதோ அவனுக்குத்தான் சொந்தம். வெட்டிப் பங்கு வைப்பதும் அவன் பாடு, 'எனக்கு வெறும் எலும்புதானா' என்ற ஏச்சை வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவன் பாடு. இது தெரிந்தும் கும்சா வந்து கேட்டபோது என் அம்பில் ஒன்றைக் கொடுத்தேன். கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. மட்டமான அம்பாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்தக் கஷே செய்த அம்பு கோணல் என்று நாலு பேர் சொன்னால் இழுக்கு யாருக்கு? வண்டுப் புழுவின் நஞ்சைப் புதிதாகப் பூசி வைத்திருந்ததையே எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவன் கையில் அது ஒரு மானையும் தொடாது என்று நம்பித்தான் கொடுத்தேன். கும்சா மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவன். வேலி கட்டுவான், பால் கறப்பான். எங்கள் ஊர் கோக்காவைக் கட்டிக்கொண்டு மாமனாரோடு வந்து தங்கிய பிறகுதான் வில்லைக் கையில் எடுத்தான். பெரிய மான் ஒன்றையாவது வீழ்த்தாதவனுக்கு எங்களில் பெண் நிலைக்காது. கோக்காவின் அப்பா சாம்காவ் கெடு வைத்திருந்தார்: மழை இறங்குவதற்குள் ஒரு மான். தவறினால் பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்வார். அழைத்துக்கொண்டால் அடுத்து அவளைக் கேட்கப் போகிறவன் நான். எனக்கு அவளைப் பிடிக்கும். இந்தப் பண்ணைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே பிடிக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

கிழக்கே மேகம் திரண்டிருந்த ஒரு சாயங்காலம் கும்சா ஓடி வந்தான். ஓடி வந்ததே தப்பு. எய்தவன் மெதுவாக வருவான், நெருப்புப் பக்கம் உட்காருவான், 'என்ன பார்த்தே?' என்று யாராவது கேட்கும்வரை பேசமாட்டான். கேட்டால், 'நான் எங்கே வேட்டைக்கு லாயக்கு, ஒண்ணையும் காணோம்' என்று முனகுவான். எங்களுக்கு விஷயம் விளங்கிவிடும். இவனோ புதருக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினான்.

"அடிச்சிட்டேன்! முறுக்குக்கொம்பன்! இம்மாம் பெருசு! இந்த ஊர்ல எவனும் இப்படி ஒண்ண அடிச்சிருக்க மாட்டான்!"

கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கல்லைக் கீழே வைத்தார்கள். கோக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நஞ்சு ஏறி மான் விழ ஒரு நாள் ஆகும். அதற்குள் பெருமையடித்தால் நஞ்சு குளிர்ந்து மான் எழுந்து போய்விடும் என்பார்கள். ஆனால் சாம்காவின் கோபம் அதைப் பற்றியது இல்லை. மாமனார் மருமகனிடம் நேராகப் பேசும் வழக்கம் எங்களில் கிடையாது. அதனால் அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

"கஷே, அவன்கிட்ட சொல்லு. ஒரு மான அடிச்சதுக்கே ஊரு தன் காலுக்குக் கீழன்னு நெனைக்கிறான். நாளைக்கு ரெண்டு அடிச்சா நாமெல்லாம் அவனுக்கு வேலையாளுங்கதான். பெரும பேசுறவன் கை ஒரு நாள் மனுசன் மேலயும் போகும். அவன்கூட எம்பொண்ணு இருக்க வேணாம். காலையில போயி மானப் பாப்போம். அப்புறம் முடிவு சொல்றேன்."

இரண்டடி தள்ளி நின்ற கும்சாவிடம் அத்தனையையும் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு இனித்தது.

மறுநாள் விடிந்ததும் நாலு பேர் போனோம். சாம்காவ், அவர் தம்பி மகன் தேபே, கும்சா, நான். அம்பு என்னுடையது என்பதால் நான் போயே ஆகவேண்டும். மானின் அடிச்சுவட்டைப் பிடித்து நடந்து, உச்சிவேளைக்கு முள்மரத்தடியில் கண்டோம். ஆண் மான். என் ஆயுளில் அவ்வளவு கொழுத்த முறுக்குக்கொம்பனை மூன்றோ நாலோதான் பார்த்திருப்பேன். வயிறு எரிந்தது.

விழுந்த மானை மட்டம்தட்டிப் பேசி எய்தவனின் பெருமையைக் கரைப்பது எங்கள் வழக்கம். அதில் முதல் பேச்சைக் கறிக்குச் சொந்தக்காரன்தான் பேசவேண்டும். மூவரும் காத்திருந்தார்கள். நான் பேசாமல் கத்தியை எடுத்தால் போதும். நேற்று இவன் அடித்த பெருமை அப்படியே நின்றுவிடும், சாம்காவ் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவார். நானும் பேசாமல்தான் நின்றேன்.

கும்சா மானின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, உதடு வெடித்திருந்தது. மானின் கண்ணைக் கட்டைவிரலால் மூடப் பார்த்தான். அது மறுபடி திறந்துகொண்டது. மூன்று முறை மூடினான்.

"கஷே," என்றான் தாழ்ந்த குரலில். "பண்ணையில எவனாவது ஜெயிச்சா கத்துவான். சுத்தி நிக்கிறவனெல்லாம் சேந்து கத்துவான். எனக்கு அதுதான் தெரியும். நேத்து நான் கத்துனப்ப ஒருத்தரும் கத்தலையே. ஏன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எனக்குப் புரியல."

எனக்கு அவமானமாக இருந்தது. இவன் கர்வம் பிடித்தவன் என்றால் தோற்கட்டும் என்று விட்டிருப்பேன். இவன் தெரியாதவன். தெரியாதவனை வாய்மூடி நின்றே தோற்கடித்துவிட்டு அவன் பெண்டாட்டியை எந்த முகத்தோடு கேட்பது? கோக்காவை விட மனசு வரவில்லை. அதற்காகச் சும்மா நிற்கவும் முடியவில்லை. மணலைக் காலால் எற்றினேன்.

"இதுக்காடா எங்கள இவ்வளவு தூரம் நடக்க வெச்சே? இது மானா, தோலுக்குள்ள சொருகின நாலு குச்சியா? தெரிஞ்சிருந்தா வீட்டு நிழல்லயே காலாட்டிக்கிட்டுப் படுத்திருப்பேன்!"

தேபே இதற்காகவே காத்திருந்தவன்போலப் பிடித்துக்கொண்டான். "கொம்பு மட்டுந்தான் வளந்திருக்கு. கண்ணவிஞ்ச கெழட்டு மானு, பண்ணைக்காரன் தீனி வெப்பான்னு கிட்டக்க வந்து நின்னிருக்கும்."

"இல்ல, இவன் பால் கறக்கப் போயிருப்பான்," என்றேன். "ஏண்டா, ஆம்பள மானுகிட்டயா செம்பத் தூக்கிட்டுப் போனே?"

கும்சா என்னையும் தேபேயையும் மாறிமாறிப் பார்த்தான். மெல்ல மெல்ல அவன் முகத்தில் ஏதோ விளங்குவது தெரிந்தது.

"நான் எங்க அடிச்சேன்," என்றான். "நான் பாட்டுக்கு ஒண்ணுக்குப் போயிட்டிருந்தேன். அதுவா வந்து அம்புல முட்டிக்கிச்சு. மோசமான மானு. நரிக்குப் போட்டுட்டு வாங்க, போயி முயல் புடிப்போம்."

தேபே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். மருமகன் முன்னால் மாமனார் சிரிக்கக்கூடாது. சாம்காவ் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. திரும்பியபோது அவர் கையில் சின்னக் கத்தி இருந்தது.

"கஷே, அவன வலது கைய நீட்டச் சொல்லு."

முதல் மான் அடித்தவனின் கையில் கீறி, அந்த மானின் கொழுப்பையும் கரியையும் தேய்ப்பது வழக்கம். அந்தத் தழும்பு விழுந்துவிட்டால் அவன் ஆண்பிள்ளை, பெண்டாட்டி அவனுக்கு நிலைத்தாள். கையை நீட்டச் சொல்லி நானே அவனிடம் சொன்னேன். பிறகு அம்பு பட்ட இடத்துச் சதையை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தோம்.

ஊரில் பங்கு வைத்தேன். சாம்காவுக்கு, அவர் மனைவிக்கு, பிறகு முறைப்படி ஒவ்வொருவருக்கும். ஒவ்வொருவரும் ஒன்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினார்கள். இது கறியா செருப்பா என்றாள் ஒருத்தி. கஷேவுக்குக் கை சுருங்கிப்போச்சு என்றாள் இன்னொருத்தி. கடைசியில் கோக்கா வந்தாள். அவளும் நானும் கேலி பேசும் முறையுள்ளவர்கள். என் மூக்கையோ நடையையோ கிண்டல் செய்யாமல் ஒரு நாளும் அவள் என்னைக் கடந்து போனதில்லை. முதுகுக் கொழுப்பில் நல்லதாக ஒரு துண்டை அறுத்து நீட்டிவிட்டு, என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

முள்மரத்தடியில் யார் முதலில் வாயைத் திறந்தது என்று தேபே அதற்குள் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். கோக்கா என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் கறியை வாங்கிக்கொண்டாள்.

"போதும் அண்ணே," என்றாள்.

அதுவரை என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள். அண்ணன் என்று ஆனவனிடம் எங்களில் யாரும் கேலி பேசுவதில்லை. அண்ணன் என்று ஆனவன் பெண்ணும் கேட்கமுடியாது. அன்றைக்குப் பங்கு வாங்கிய அத்தனை பேரும் என்னைத் திட்டிவிட்டுத்தான் போனார்கள். அவள் ஒருத்திதான் திட்டவில்லை.