கம்மாபுரத்தில் போட்ட கையெழுத்து

"மெயின் பெட்டியத் தொறந்து காட்டுங்கண்ணே."

கேட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே, கேம்ப் நடத்துகிற மணவாளன் சார் சொல்லியிருந்தார், வண்டியில் என்ன வேண்டுமானாலும் கேள், அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்காதே என்று. அது கொளஞ்சியப்பன் பொறுப்பு. ஜீப் ஓட்டுவதும் அவர்தான், ஒயரிங் பார்ப்பதும் அவர்தான். எனக்கு ஒரு நாற்காலி, ஒரு ரிஜிஸ்டர், ஒரு டெஸ்ட் லேம்ப்.

கொளஞ்சியப்பன் படுதாவுக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சாவி சாருகிட்ட இருக்குது பாப்பா."

"உங்க இடுப்புல தொங்குறது?"

"அது ஊட்டு சாவி."

"ஒரு ஊட்டுக்கு எட்டு சாவியா?"

கொளஞ்சியப்பன் முளையை இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டினார்.

ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போகிற தகர வண்டி அது. உள்ளே கண் பரிசோதிக்கிற மெஷின், பக்கவாட்டில் இரும்புப் படி, பிடித்து ஏற இரும்புக் கைப்பிடி. தானே புயலுக்குப் பிறகு ஒரு அறக்கட்டளை வாங்கி ஊர் ஊராக அனுப்புகிறது. லைட்டும் ஃபேனும் பேட்டரியில் ஓடிவிடும். மெஷினுக்கு வெளிக் கரண்ட் வேண்டும், அது இல்லாதபோது ஜெனரேட்டர். இந்த வருஷம் கரண்ட் இருக்கிற நேரம்தான் குறைவு, ஆகவே வந்த உடனே பாய்ந்து கேபிளை மாட்டுவார்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, இன்றைக்குக் காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில். கேபிள் முனையிலிருந்த பிளக் எந்த ஊரிலும் பொருந்தவில்லை என்று எப்போதோ வெட்டி எறிந்துவிட்டார்கள். இரண்டு ஒயரையும் உரித்து, ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் இறுக்குவதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் மிக்சியே அப்படித்தான் ஓடியது. அதனால் எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. படித்துவிட்டும் தெரியவில்லை.

வண்டி நிற்பது ரப்பர் டயரில். எங்காவது கசிந்தால் கரண்ட் மண்ணுக்கு இறங்க வழி கிடையாது. அதற்காகத்தான் ஒரு எர்த் கம்பி கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் அதை ஈர மண்ணில் அடித்து, வண்டியோடு ஒயரால் இணைக்க வேண்டும். நேற்று ஜீப் சீட்டுக்கு அடியில் அந்தக் கம்பியைப் பார்த்தேன். துரு இருந்தது. ஒரு பொட்டு மண் இல்லை. மண்ணுக்குள் போகாத கம்பி. ஆனால் எர்த் இருந்தால் மட்டும் எரிய வேண்டிய டெஸ்ட் லேம்ப், தினமும் காலையில் வண்டி சாக்கெட்டின் எர்த் ஓட்டையில் நான் வைத்ததும் பளிச்சென்று எரிகிறது. எங்கிருந்து எரிகிறது?

போன செவ்வாய்க்கிழமை கம்மாபுரத்தில் மழை. வண்டி துடைக்கிற செல்லாயி அக்கா ஈரக் காலோடு கைப்பிடியைப் பிடித்தவர் தூக்கி எறியப்பட்டு விழுந்தார். "காலையில சாப்பிடல, மயக்கம்" என்றார் மணவாளன் சார். அன்று காலை என் டப்பாவிலிருந்து மூன்று இட்லி சாப்பிட்டவர் அக்கா. நேற்று லால்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளங்கையில் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. விரல்கள் மடங்கவில்லை. "மயக்கமாத்தான் இருக்கும்னு சார் சொல்றாரு, நீ என்னாம்மா சொல்ற?" என்று கேட்டார். அன்றைய ரிஜிஸ்டரில் 'எர்த் சரி' என்று எழுதியிருப்பது என் கை.

மணவாளன் சார் டீ கிளாஸோடு வந்தார். வரிசையில் முப்பது பேருக்கு மேல். முக்கால்வாசி வயசான பெண்கள், வெறுங்கால். மில்லில் நெல் அவித்த தண்ணீர் அவர்கள் காலடி வரை ஓடியிருந்தது.

"என்னா அருள்மொழி, காலையிலயே பஞ்சாயத்து?"

"பெட்டியத் தொறக்கணும் சார்."

"அந்தக் கைப்பிடியில டெஸ்டர வெச்சியே, மினுக்குச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்னா. பி.இ. படிச்ச புள்ள, ஒரு டெஸ்டர நம்ப மாட்டியா?"

கொளஞ்சியப்பன் சிரித்தார். நான் வரிசையைத் தள்ளி நிற்கச் சொன்னேன். மில் சுவிட்சை அணைத்தேன். தீக்குச்சிகளைப் பிடுங்கி, இடது ஓட்டையிலிருந்த ஒயரை வலதிலும் வலதில் இருந்ததை இடதிலும் மாற்றிச் சொருகினேன். சுவிட்சைப் போட்டுவிட்டு, ரப்பர் செருப்போடு போய்க் கைப்பிடியில் டெஸ்டரை வைத்தேன்.

எரிந்தது. பட்டப்பகலில், கையால் மறைத்துப் பார்க்கத் தேவையில்லாமல், சிவப்பாக.

சுவிட்சை அணைத்து, ஒயர்களை உருவிக் கீழே போட்டேன். கொளஞ்சியப்பன் இடுப்புச் சாவியில் ஒன்றை எடுத்து, சாரைப் பார்க்காமலே பெட்டியைத் திறந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ஒயர். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலையும், வண்டித் தகரத்தோடு சேர்ந்த எர்த்தையும் அது இணைத்துக் கட்டியிருந்தது.

"செக்கிங்ல லேம்ப் எரியணும்னாரு. எரிய வெச்சன்," என்றார் கொளஞ்சியப்பன். "ஊருக்கு ஊரு கம்பி அடிச்சி, புடுங்கி, யாரு செய்யிறது."

நியூட்ரல் பக்கம் நியூட்ரலே போனால் பிழைத்தோம். கை மாறிச் சொருகினால் வண்டி முழுக்கக் கரண்ட். ஒவ்வொரு ஊரிலும் அதைத் தீர்மானித்தது ஒரு தீக்குச்சி.

மணவாளன் சார் குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா. இனிமே பாத்து சொருவச் சொல்றேன். நாளைக்கி மெட்ராஸ்லேர்ந்து டிரஸ்ட்டுக்காரங்க வராங்க. ரிஜிஸ்டர்ல இன்னிக்கி பக்கத்துல மட்டும் கையெழுத்து போட்டுடு."

"செல்லாயி அக்காவுக்கு?"

"அது மயக்கம். நீயே எர்த் சரின்னு எழுதியிருக்கியே. அதக் கிளறுனா மொத நீதான மாட்டுவ? ஒன் நல்லதுக்குச் சொல்றேன்."

அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இன்டர்வியூவுக்கு அனுபவம் உள்ளவர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு, அப்பாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாத வீட்டிலிருந்து வந்தவளை எடுத்தார்கள். நன்றியிலேயே வாயை மூடிக்கொள்வாள் என்று கணக்கு. கணக்கு மோசமில்லை. நாலு மாசம் மூடித்தான் இருந்தேன். என் சம்பளத்தை நம்பித்தான் தங்கச்சி ரேகா சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்திருக்கிறாள்.

"பேனா குடுங்க சார்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. ரிஜிஸ்டரில் இன்றைய தேதிக்கு நேராக 'எர்த் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் கையிலேயே கொடுத்தேன். பிறகு அந்தக் கறுப்பு ஒயரைப் பிடுங்கினேன். மெயினிலிருந்த, பியூஸ் கம்பி சுற்றிய இரண்டு பீங்கான் கேரியரையும் உருவினேன். கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் கேரியரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். இறங்கி வரும்வரை கீழே இருக்கிற எவனும் லைன் கொடுத்துவிட முடியாது.

"ஏய், அத எங்க எடுத்துகினு போற? கேம்ப் நிக்கிதுல்ல."

கைப்பையில் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் கேரியர் இரண்டையும் வைத்தேன். அடியில் கடலூர் மின் ஆய்வாளருக்கு நேற்று ராத்திரியே எழுதி ஒட்டிய கவர். அதன் முதல் வரி: 'கம்மாபுரத்தில் கையெழுத்துப் போட்டது நான்.'

வரிசையின் முன்னால் நின்ற அம்மா, "இன்னிக்கிக் கண்ணு பாக்க மாட்டாங்களா?" என்றார்.

"இன்னிக்கி இல்லம்மா. அந்தக் கைப்பிடியத் தொடாம ஊட்டுக்குப் போங்க."

பின்னால் மணவாளன் சார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். காயப் போட்ட நெல்லைச் சுற்றிக்கொண்டு மில் வாசலைத் தாண்டினேன். நடக்க நடக்க, பைக்குள் பீங்கான் பீங்கானோடு இடித்துக்கொண்டே வந்தது.